ஒரே காலையில் பதின்மூன்று அதிகாரங்கள்

வேதாகமத்தில் மொத்தம் ஆயிரத்து நூற்று எண்பத்தொன்பது அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். இந்தக் கணக்கில் முப்பத்தொரு முறை முடித்திருக்கிறேன். தினமும் நிறுத்திய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு போடுவேன். அந்த ஒழுங்கை ஒரே ஒரு நாள்தான் மீறினேன்.

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் எங்கள் சபை. அறுபத்துமூன்று குடும்பங்கள். போதகருக்கு நான்கு சபைகள் என்பதால் எங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் கிடைப்பார். மற்ற பொறுப்பெல்லாம் மூப்பரான என் தலையில். ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் வேறு. நான் சொன்னால் மறுபேச்சு இருக்காது. அதைப் பெருமையாக நினைத்திருந்தேன்.

ஆலய வளாகத்தில் ஒரு கிணறு. மேற்கே தோல் பதனிடும் டேனரிகள் இரண்டு ஓடிய காலத்தில் அதன் தண்ணீர் பழுப்பாகி, பத்தொன்பது வருடங்கள் மூடிக் கிடந்தது. டேனரிகள் நின்றன. ஆற்றில் இரண்டு முறை வெள்ளமும் வந்து போனது. இந்தக் கோடையில் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது பதினாறு அடியில் தண்ணீர் தெளிவாக நின்றது. குடிதண்ணீர் லாரியோ ஒன்பது நாளைக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. கிணற்றிலிருந்து வீடுகளுக்குக் குழாய் போடலாமா, குடிக்கலாமா என்பது கேள்வி. என்னையும் சேர்த்துக் கமிட்டியில் பதினொரு பேர். மற்றவர்கள் ஜெபித்து முடிவு சொல்லும்படி என்னிடம் விட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூட்டம்.

எங்கள் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்ப்பது, வேலை மாறுவது, ஆபரேஷன், எதுவானாலும் அன்றைய வாசிப்பில் என்ன வருகிறதோ அதைக் கடவுளின் பதிலாக எடுத்துக்கொள்வார்கள். கண்ணை மூடிப் பக்கத்தைப் புரட்டி விரல் வைக்கிறவர்களை நான் கண்டித்திருக்கிறேன். நாமாகத் தேடக் கூடாது, வரிசையில் வருவதே பதில் என்று பிரசங்கமும் செய்திருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை என் வரிசையில் வந்தவை ராஜாக்களின் முதலாம் புத்தகத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. ஆனால் சற்றுத் தள்ளி, இரண்டாம் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கெட்ட தண்ணீர் உள்ள ஓர் ஊருக்குத் தீர்க்கதரிசி வந்து ஊற்றில் உப்பைப் போட்டு அதைச் சுத்தமாக்குகிறார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தோலுக்குப் போட்ட உப்பால் கெட்ட மண் எங்களுடையது. இதைவிடப் பொருத்தமான பதில் உண்டா? முறைப்படி போனால் ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே போய்ச் சேர்வேன். கூட்டமோ வியாழக்கிழமை.

காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். உதடு அசைந்தது, கண் ஓடியது, மனம் எதிலும் நிற்கவில்லை. ஆறே முக்காலுக்கு அந்த உப்புப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். பதின்மூன்று அதிகாரங்கள். கடைசியில் ஒரே ஒரு கோடு போட்டேன்.

மாலையில் அந்த உப்புப் பகுதியை வாசித்துக் காட்டி, இன்றைய பகுதியில் கர்த்தர் பேசினார், குடிக்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்யும், கமிட்டியின் ஒரே பெண் மட்டும் எழுந்தாள்.

"அய்யா, ஒரு ஜோடி ஷூவுக்கே நாங்க மூணு டெஸ்ட் போட்றோம். இது குடிக்கிற தண்ணி. வேலூர்ல குடுத்தா ஒரு வாரத்துல சொல்லிடுவாங்க."

"இன்னாம்மா நீ, தீர்க்கதரிசிகிட்டயே லேப் ரிப்போர்ட் கேப்ப போல," என்றார் பொருளாளர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பத்தாம் நாள், குருத்தோலை ஞாயிறன்று, குழாயைத் திறந்தோம்.

குழாய் திறந்த ஐந்தாம் நாள் எங்கள் வீட்டில் டீக்கு வைத்த பால் திரிந்தது. பால்காரரைக் குறை சொன்னோம். ஒன்பதாம் நாள் மறுபடியும் திரிந்தது. குடத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு படலம் ஏறியது. ஆலய வாசலில் அதே தண்ணீர் ஊற்றிய செம்பருத்தியின் இலைகள் ஓரத்திலிருந்து கருகின. வெயில் ஜாஸ்தி என்றார்கள். நான் தலையாட்டினேன். தினமும் எழுந்ததும் அந்தச் செடியில் கருகிய இலைகளை எண்ணத் தொடங்கியிருந்தேன். பதினெட்டாம் நாள் எண்பத்திரண்டு. அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இருபத்தாறாம் நாள் காலை அந்தப் பெண் கிணற்றடியில் என்னை நிறுத்தினாள். தனக்கு நாலாவது மாதம் என்று சொன்னாள். கூட்டத்தன்றே தெரியும், அத்தனை ஆண்கள் நடுவில் சொல்ல வாய் வரவில்லையாம். முதல் வாரம் கேன் தண்ணீர் வாங்கியிருக்கிறாள். மூப்பர் வார்த்தையை நம்பாதவள் என்று மாமியார் தினமும் குத்திக்காட்டியிருக்கிறாள்.

"அப்பறம் நானும் குடிச்சேன் அய்யா. நீங்க சொன்னீங்கன்னுதான் குடிச்சேன்."

வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்தேன். அந்த வியாழக்கிழமை நான் ஓடிக் கடந்த, முதலாம் புத்தகத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தேன். தேவன் ஒரு மனிதனை ஓர் ஊருக்கு அனுப்புகிறார். அங்கே தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது கட்டளை. அந்த ஊர்க் கிழத் தீர்க்கதரிசி ஒருவன் வந்து, குடிக்கலாம், தேவதூதன் என்னிடம் சொன்னான் என்கிறான். பொய். அந்த மனிதன் நம்பிக் குடிக்கிறான். திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொல்கிறது. கிழவனுக்கு ஒன்றும் ஆவதில்லை.

முப்பத்தொரு முறை வாசித்த கதை. அன்றைக்கு வரிசைப்படி என் கைக்கு வந்த பகுதி அதுதான்.

அப்போதே போய் மோட்டார் சுவிட்சை அணைத்துப் பெட்டியைப் பூட்டினேன். ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, பகுதியைத் தாண்டி ஓடியதையும், எனக்கு வேண்டிய பதிலை நானே போய் எடுத்ததையும் சொன்னேன். பொருளாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரை வேலூருக்கு எடுத்துப் போனவள் அவள்தான். எட்டாம் நாள் தாளோடு வந்து என் மேசையில் வைத்தாள்.

"படிங்க அய்யா. நிதானமா."

பத்தொன்பது வரிகள். ஆறு வரிகளுக்கு நேரே சிவப்புக் குறி. அடியில், குடிக்க ஏற்றதல்ல. ஒரு வரியையும் விடாமல் வாசித்தேன். முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

இப்போது அவளுக்கு இருபத்தொன்பதாவது வாரம். இதுவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை, பார்க்கலாம் என்றாராம் டாக்டர். இன்னும் பதினொரு வாரம். வாரத்துக்கு இருபத்துமூன்று என்றால் இருநூற்று ஐம்பத்துமூன்று அதிகாரங்கள். அது எங்கே போய் நிற்கும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். லூக்காவில், பெத்லகேமில் பிள்ளை பிறக்கிற அதிகாரம்.

அதை எதற்கும் பதிலாக எடுத்துக்கொள்ள இப்போது எனக்குத் துணிவில்லை. இன்றைக்கு மூன்று அதிகாரங்கள் வாசித்தேன். கோடு போட்டு மூடினேன்.