உறைபனியில் எடுத்த அளவு

கல்யாணத்தை நிறுத்தப் போவதாக என் நண்பன் சொன்னபோது நாங்கள் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம். நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. பெண் கோயமுத்தூர். அவனுக்கு வெலிங்டன் ராணுவ ஸ்டோரில் சிவிலியன் வேலை. தையில் முகூர்த்தம்.

“பொண்ணப் புடிக்கலியா?”

“ரொம்பப் புடிச்சிருக்குது பங்காளி. அதனாலதான் நிறுத்தறேன்.”

வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அதட்டியதும்தான் விஷயம் வந்தது, அதுவும் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டு. வாட்ஸ்அப் குழுவில் யாரோ சராசரி ஆண்குறி நீளம் என்று ஒரு எண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஸ்டோரில் வேலை செய்கிறவன் எதையும் சரிபார்க்காமல் விடுவானா? விடிகாலையில் குளிக்கப் போனவன் கையோடு ஸ்டீல் டேப்பையும் கொண்டுபோயிருக்கிறான்.

“என்னிக்கு அளந்தே?”

“போன வாரம். புல்லெல்லாம் வெள்ளையா ஒறஞ்சு கெடந்துச்சே, அன்னிக்கு.”

“வெந்நி போட்டியா?”

“கரண்ட் இல்ல.”

சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினேன். அவன் முகம் அப்படி இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லையாம். “ஒரு பொண்ணு வாழ்க்கைய நான் கெடுக்கலாமா?” என்றான். கண் கலங்கியிருந்தது.

டாக்டரைப் பார்க்கலாம் என்று இழுத்துப் போனேன். வழக்கமாக இருக்கும் பெரியவர் லீவு. அவர் நாற்காலியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர். நண்பன் வந்த வேகத்தில் திரும்பினான். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“சொல்லுங்க, என்ன பண்ணுது?”

“குளிருதுங்க” என்றான்.

மீதியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. தையல்காரர் சட்டைக்குக் கேட்பதுபோலச் சாதாரணமாக, “எங்கிருந்து எங்க வரைக்கும் அளந்தீங்க?” என்றார். அவன் சுவரில் இருந்த காலண்டரிடம் பதில் சொன்னான்.

“அடிவயித்துக் கொழுப்புல பொதஞ்சு கெடக்கறத விட்டுட்டீங்களே. ஆராய்ச்சியில அளக்கறவங்க ஸ்கேல அங்க இருக்கற எலும்பு மேல அழுத்தி வெச்சு, அங்கிருந்து நுனி வரைக்கும் பாப்பாங்க. இல்லீனா குண்டா இருக்கறவரையும் ஒல்லியா இருக்கறவரையும் ஒப்பிட முடியாதுங்க. ரூம் கதகதப்பா இருக்கோணும். குளிர்ல எல்லாருக்கும் சுருங்கும். தளர்ந்திருக்கறப்ப மெதுவா இழுத்து அளக்கறது ஒண்ணு, விறைச்சிருக்கறப்ப அளக்கறது ஒண்ணு. ஒண்ணைக் கொண்டுபோய் இன்னொண்ணோட வெச்சுப் பாக்கக் கூடாது. நீங்க பாத்த நம்பர் எப்படி அளந்ததுனு போட்டிருந்துச்சா?”

“இல்லீங்க. குரூப்புல அவங்கவங்க சொன்னதுதான்.”

“அவங்கவங்க சொன்னதுன்னா கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். அதனாலதான் நல்ல ஆராய்ச்சியில, பழகின ஆள் ஒருத்தர் அளந்தத மட்டும் எடுத்துக்குவாங்க. அதுலயும் ஒரு சந்தேகம் உண்டு. அளக்க வாங்கன்னா யாரு தைரியமா வர்றாங்க?”

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறேன். இலை எடுக்க லாரி வரும்போது, மூட்டை தராசில் ஏறும் முன் நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு எடை சொல்வோம். தராசு அதைவிடக் கூடுதலாகக் காட்டி நான் பார்த்ததில்லை. யாரும் பொய் சொல்வதில்லை. அவரவர் மூட்டை அவரவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

“ஏன்டா, மழ நாள் எலைக்கும் வெயில் நாள் எலைக்கும் ஒரே கழிவா போடறாங்க?” என்று அவனிடம் கேட்டேன். “ஈரம் பாத்துத்தான எடையில கழிக்கறாங்க? நீ உறைபனியில ஒரு எட போட்டுட்டு, வாய்க்கு வந்தத சொன்னவனோட போட்டி போட்டிருக்கே.”

டாக்டரம்மாவுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. பேப்பரில் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிற ஒரு குன்றை வரைந்தார். எங்கள் ஊரில் யாரும் வரைந்துவிடக்கூடிய படம்தான். “ஆம்பளைங்க முக்கால்வாசிப் பேர் இந்த மேட்டுலதான் நெருக்கிட்டு நிப்பாங்க. அந்தக் கடைசி ஓரத்துல நிக்கற ரொம்பக் கொஞ்சப் பேரத்தான் நாங்க நோயாளியாப் பாப்போம். நீங்க எங்க நிக்கறீங்கன்னு அளந்தாத்தான் தெரியும். அளக்கறீங்களா? ஆம்பள நர்ஸ் இருக்காரு. ஹீட்டர் போடச் சொல்றேன்.”

நண்பன் என்னைப் பார்த்தான். நான் காலண்டரைப் பார்த்தேன். எழுந்து திரைக்குப் பின்னால் போனான். வெளியே வந்தபோது அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. ஹீட்டராகவும் இருக்கலாம்.

நர்ஸ் கொடுத்த சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, “மேட்டுலதான் நிக்கறீங்க. ஒரு கொறையும் இல்ல” என்றார்.

பிழைத்தோம் என்று நான் எழுந்தேன். அவன் எழவில்லை.

“மேட்டுலன்னா… உச்சிக்கு இந்தப் பக்கமுங்களா, அந்தப் பக்கமுங்களா?”

“கல்யாணத்துக்கு நாள் இருக்குதுல்ல? போய் அந்த வேலையப் பாருங்க.”

வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. மரத்தடியில் நின்று அந்தக் கோயமுத்தூர்ப் பெண்ணைப் போனில் கூப்பிட்டான். பொய் எதுவும் தயார் செய்து வைத்திருக்கவில்லை போலும்; உள்ளதை உள்ளபடி, குன்று வரைக்கும் சொன்னான். அவள் குரல் நான் நின்ற இடத்துக்கே கேட்டது.

“வேற எவளோ இருக்கறான்னு நெனச்சு ஒரு வாரமா நான் சோறு திங்கலீங்க. நீங்க அங்க ஒக்காந்து அளந்துட்டு இருந்தீங்களாக்கும்?”

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, குரலை அடக்கிக்கொண்டு மறுபடி பேசினான். கடைசியில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். போனில் அது தெரியாது என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. பேசி முடித்துத் திரும்பினான்.

“என்னங்கறா?”

“கோவமா இருக்கறா பங்காளி. முகூர்த்தத்துக்குள்ள தீந்துருமாம். ஞாயித்துக்கெழம பட்டு எடுக்க வரச் சொல்றா.”