அளக்காமல் எழுதிய அளவு

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரகடத்தில் பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. இரண்டு மணிக்கொருமுறை ஐந்து பீஸை எடுத்து, கேஜ் வைத்து அளந்து, தாளில் எழுத வேண்டும். அந்தப் புத்தி ரூமுக்கும் என்கூடவே வந்துவிடும்.

ரூமில் மூன்று பேர், மூவரும் ஒரே லைன். மெஷின் ஓட்டுகிற நாகர்கோவில்காரன் கிறிஸ்தவன். கம்பெனி பஸ் வருவதற்குள் முழங்கால் போட்டு ஜெபித்துவிடுவான். பேக்கிங்கில் இருக்கும் அரக்கோணத்துக்காரன், அப்பா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறிய குடும்பம். கண்ணை மூடிப் பத்து நிமிஷம் உட்காருவான், ஆனால் யாரிடமும் எதையும் வேண்டமாட்டான். அந்த இரண்டு பேர் மேலேயும் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு வடித்துக்கொண்டே கேட்டேன். "தப்புப் பண்ணாம உங்களைத் தடுக்கிறது எதுடா?"

"கர்த்தரு பாத்துட்டு இருக்காருல்லா மக்கா. அவரு சொன்னதுதான் சட்டம்" என்றான் நாகர்கோவில்காரன்.

அரக்கோணத்துக்காரன் சிரித்தான். "எவனும் பாக்கல மச்சான். நீ பண்றதால ஒருத்தனுக்கு வலிக்குமா, அத நீயே பாரு. அவ்ளோதான்."

கேமராவுக்குப் பயந்து ஹெல்மெட் போடுகிறவன் ஒருவன், கேமராவே இல்லாத ரோட்டில் போகிறவன் இன்னொருவன். இதில் யாரை நம்புவது?

இதைக் கேட்ட யோக்கியன் நான் செய்துகொண்டிருந்தது வேறு. காலையில் வந்ததும் முழு ஷிஃப்டுக்குமான அளவுகளை ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். மை மாறித் தெரிவதற்காக இரண்டு பேனா வைத்திருந்தேன். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரும் அப்படித்தான் செய்தார்.

ஒருநாள் எட்டு மணிக்கே என் கேஜைச் சரிபார்க்க லேபுக்கு எடுத்துப்போனார்கள். ஷிஃப்ட் முடியும்வரை திரும்பவில்லை. தாளிலோ பத்து மணி அளவும் பன்னிரண்டு மணி அளவும் அழகாக உட்கார்ந்திருந்தன.

சூப்பர்வைசர் தாளை நீட்டினார். "கேஜ் லேப்ல இருந்துச்சு. எதை வச்சு அளந்த?"

"பக்கத்து லைன்ல வாங்குனேன் சார்."

மூன்று வருஷம் காத்திருந்து அந்த மாதம்தான் பெர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் வந்திருந்தது. சூப்பர்வைசர் என் ரூம்காரர்கள் இருவரையும் கூப்பிட்டார். பொய்ச்சாட்சி பாவம் என்பவன் என்னை மாட்டிவிடுவான், மேலே யாரும் இல்லை என்பவன் காப்பாற்றுவான் என்று நினைத்தேன்.

"ஆமா சார், வாங்கிட்டு வந்தான். நான் பாத்தேன்" என்றான் நாகர்கோவில்காரன்.

"இல்ல சார். இவன் அளக்கவே இல்ல" என்றான் மற்றவன்.

லிஸ்டிலிருந்து என் பெயர் போனது. அன்றைய பெட்டிகளை எல்லாம் பிரித்து ஒவ்வொரு பீஸாக அளக்கச் சொன்னார்கள். இரண்டு பேரும் பஸ்ஸை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார்கள். அரக்கோணத்துக்காரன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் பேரு போவும்னு தெரியும்" என்றான் அவன், தலை நிமிராமல். "அதுவும் எனக்கு வலிக்குதுதான்."

மூன்று பீஸ் அளவு மீறியிருந்தன. நாகர்கோவில்காரன் அதில் ஒன்றை எடுத்துத் தானே மறுபடி கேஜ் வைத்துப் பார்த்தான். அவன் மெஷினில் வந்ததுதான்.

"உனக்காண்டி பொய் சொன்னேன். அத கர்த்தருகிட்ட பேசிக்கிடுகேன்" என்றான். "இந்த பிரேக்க நம்பி வண்டி ஓட்டுகவன்கிட்ட எங்க போய் பேச?" பிறகு என்னைப் பார்த்தான். "அன்னைக்கு எங்ககிட்ட கேட்டல்லா. உன்னத் தடுக்கது என்னதுலே?"

அவர்கள் சாமியையும் தர்மத்தையும் துருவித் துருவிப் பார்த்தவன், என்னை ஒருநாளும் அளந்ததில்லை.

இப்போதெல்லாம் ஒழுங்காக அளக்கிறேன். அதிலும் எனக்குச் சந்தேகம்தான். அந்த இரண்டு பேர் பக்கத்தில் இருப்பதால் அளக்கிறேனோ? போன வாரம் ஒருநாள் இருவருமே லீவு. பத்து மணி ஆனது. கேஜை எடுத்தேன், அளந்தேன். ஆனால் என் கை முதலில் போனது பேனாவுக்குத்தான்.