நட்சத்திரக் கொட்டிலுக்குக் கரண்ட்

என் மனுசன் லெனாட் படகு இயந்திரம் திருத்துகிறவர். குருநகரில் வெளிச்சம் கூடி நட்சத்திரம் தெரியவில்லை என்று, கரண்ட் கம்பியே வராத வடமராட்சி கிழக்கு மணல்வெளிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வந்தவர். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில், அதற்குள் தொலைநோக்கி. கூரையில் இரண்டு சோலார் தகடு, கீழே ஒரு பெரிய பற்றரி. நான் மின்விசிறி போட்டாலே அவர் முகம் கறுத்துவிடும். விசர் மனுசன்! அந்த விசருக்காகத்தான் அவரை எனக்குப் பிடிக்கும் என்பது வேறு கதை.

அந்தச் சனிக்கிழமை பொழுதுபட்டதும் ஒரு சிறுகோள் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போய் அதைச் சில விநாடி மறைக்கும் என்றார். எங்கள் கரையில் அப்படியொன்று இனி அவருடைய ஆயுளில் வராதாம். தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டருக்கும் கமராவுக்கும் பற்றரி நிறைய வேண்டும். மழைமூட்டத்தில் அது இறங்கிக் கிடந்தது.

அன்று காலை நல்ல வெயில். அவர் வேலைக்குப் போன நேரம், தகட்டில் மணல் படிந்திருக்கிறதே என்று கிணற்றுத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். குருநகரில் குழாய்த் தண்ணீரில் கழுவிப் பழகிய கை. இங்கே கிணறு சவர், உப்புக் கரிக்கும். காய்ந்ததும் தகடு முழுக்க வெள்ளையாய் உப்புப் பூத்துவிட்டது.

மத்தியானம் வந்து பார்த்தார். உப்பு வெயிலை மறைத்ததில் பற்றரி சரியாக ஏறவேயில்லை.

"பறவாயில்லை ஜெசி. வேறை ஏதும் வரேக்கை பாப்பம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன்.

பவுசர் திங்கட்கிழமைதான் நல்ல தண்ணீர் கொண்டுவரும். குசினியில் இருந்த குடிதண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு ஏணியடிக்குப் போனேன். ஓடிவந்து மறித்தார்.

"குடிக்க என்ன செய்வாய்?"

"சவரைக் குடிப்பன். கையை விடுங்கோ."

கான் முழுவதையும் தகட்டில் ஊற்றிக் கழுவினேன். பிறகு பற்றரி மெல்ல மெல்ல ஏறியது. வெயில் இறங்க, போதுமான அளவு வந்துவிட்டது.

இருட்டியது. கமரா தன்பாட்டில் படம்பிடித்துக்கொண்டிருந்தது. கண் வைத்துப் பார்க்கப் பக்கத்தில் ஒரேயொரு சின்னத் தொலைநோக்கிக் குழாய்தான். தான் பார்க்காமல் என்னை அதில் குனிய வைத்தார். நட்சத்திரம் ஒரு புள்ளியாக மினுங்கியது. சட்டென்று காணவில்லை. பிறகு திரும்பவும் வந்தது.

நிமிர்ந்தேன். மனுசன் வானத்தைப் பார்க்கவேயில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மறைஞ்சதோ?" என்று என்னைக் கேட்டார்.