சகலையின் நூற்றிருபத்தாறு

"உப்பை அள்ளித் தின்னறவன் அவன், பிரஷர் ஏறுறது எனக்கு! இது எந்த ஊர் நியாயம்?"

தையல்காரர் இதைச் சொல்லாமல் ஒரு சட்டைக்குக்கூடப் பட்டன் வைத்ததில்லை. பல்லிடுக்கில் குண்டூசி இருந்தாலும் சொல்லிவிடுவார். என்ன, பாதி காற்றாக வரும்.

'அவன்' என்பது அவருடைய சகலை, பஸ் டிரைவர். ஞாயிறுதோறும் உப்புக்கடலையை மென்றபடி வந்து, அக்கா தங்கை இருவரும் சேர்ந்து வாங்கிய பிரஷர் மிஷினில் கையை நீட்டுவார். ஒரே மாத்திரையில் நூற்றிருபத்தாறு. தையல்காரர் நான்கு மாத்திரை விழுங்கியும் நூற்றைம்பதுக்குக் கீழே வந்ததில்லை.

"மிஷின் பட்டை அவன் கையில லூசுடி! ரெண்டு இஞ்ச் பிடிக்கணும்!" ஒரு நாள் டேப்பால் சகலையின் புஜத்தை அளந்து, சாக்பீஸால் கோடும் போட்டுவிட்டார்.

"லூசா இருந்தா அதிகமாத்தான் காட்டுமாம், நர்ஸம்மா சொன்னாங்க" என்றாள் மனைவி. அப்படியானால் சகலைக்கு இன்னும் குறைவு! அன்று தையல்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். "உங்க கிட்னி ரெனின்னு ஒண்ணை ரத்தத்துல விடும். பிரஷர் இறங்கினா நிறைய விடும், ஏறினா அடக்கி வாசிக்கும். அதை அளந்தா உங்களுக்கு ஏன் ஏறுதுன்னு பிடிச்சிடலாம். நாலு மாத்திரை ஒண்ணாக்கூட ஆகலாம். ஆனா இந்த வெள்ளை மாத்திரை ரெனினை அமுக்கிடும், நாடியையும் மெதுவாக்கிடும். டெஸ்ட் முடியறவரைக்கும் அதை விட்டுட்டு மஞ்சளைப் போடுங்க. பிரஷர் கொஞ்சம் ஏறும், பயப்படாதீங்க."

ஏறியது. ஞாயிறன்று நூற்று எழுபத்திரண்டு.

"இந்த நம்பர் பஸ்ஸையே நான் ஓட்டியிருக்கேன் சகல!" கடலைத் தோல் பறக்கச் சிரித்தார் டிரைவர்.

மறுநாளே பாபின் டப்பாவுக்குள் வெள்ளை மாத்திரை குடியேறியது. மனைவி அடுப்படிக்குத் திரும்பும் நேரம் பார்த்து, மஞ்சளோடு அதுவும் உள்ளே போனது. அடுத்த ஞாயிறு நூற்று நாற்பது. மிஷினைச் சகலையின் மூக்குவரை தள்ளினார். "நல்லாப் பாருங்க டிரைவரே, கண்ணு தெரியுதா?"

பிறகு டெஸ்ட் எடுத்தார்கள். ரெனின் தரையோடு தரையாகக் கிடந்தது. டாக்டரம்மா நாடியைப் பிடித்தார். அதுவும் சோம்பிச் சோம்பி நடந்தது.

"வெள்ளையைப் போட்டீங்கதானே?"

தையல்காரர் கழுத்து டேப்பின் நுனியை விரலில் சுருட்டினார்.

"நாலு ஒண்ணாகும்னு ஆசையா இருந்தேனே, இப்படிக் கெடுத்துட்டீங்களே!" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

"மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். இந்தத் தடவையாவது நிறுத்துவீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"நிறுத்தறேன் டாக்டரம்மா, சத்தியமா நிறுத்தறேன். ஆனா அவனையும் அந்த ஒத்தை மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்க!"