நூல் மூன்று மில்லி நகர்ந்தது

இது நடந்தது. இதற்குச் சாட்சி மனிதர்கள் இல்லை. மனிதர்கள் நாளைக்கு மாற்றிப் பேசுவார்கள். சாட்சி ஒரு தாள். மணி, நிமிடம், மில்லிமீட்டர் என்று பென்சிலால் எழுதிய ஒரே ஒரு தாள். அதில் ஓர் எண்ணைக்கூட யாரும் அழிக்கவில்லை. யாராவது அழித்திருந்தால் ரூபன் இன்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான்.

ஆயர் தாவாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம் போனால், செம்பனைத் தோட்டங்கள் முடிந்து ஆறு கடலைத் தொடும் இடத்தில் ஒரு படகுப் பட்டறை இருக்கிறது. போன வருடம் அங்கே ஒரு சொகுசுப் படகு நின்றது. சாதாரணப் படகு இல்லை. முப்பத்தெட்டு மீட்டர் நீளம், மூன்று அடுக்கு. கோலாலம்பூர் முதலாளி ஒருவர் பழசாக வாங்கி, "புதுசாக்கிக் கொடு" என்று அனுப்பியிருந்தார். பழைய எஞ்சின் இரண்டையும் கழற்றிப் புதிய எஞ்சின்கள் வைத்தார்கள். எல்லா அறைக்கும் புதிய கம்பளம் விரித்தார்கள். மேல்தளத்தில் ஆறு பேர் சாய்ந்து உட்கார்ந்து குளிக்க ஒரு தொட்டி வேறு.

அந்த எஞ்சின்களைப் பூட்டியவர்களில் ஒருவன் ரூபன். இருபத்தேழு வயது. ஒப்பந்தக் கூலி. வேலை முடிந்ததும் படகோடு கடலுக்குப் போக ஓர் உதவி எஞ்சின்காரர் தேவைப்பட்டார். நிரந்தர வேலை. அந்த ஒரு வேலைக்காகத்தான் ரூபன் பதினொரு மாதம் எண்ணெயில் முங்கி எழுந்தான். ஆனால் பட்டறையில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஷாஃபிக்கு உஸ்மான் என்று ஒரு மச்சினன் இருந்தான். மண்டோர் அந்த நாற்காலியை அவனுக்காகத் துடைத்து வைத்திருந்தார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோதனை. மேலே பாரம் கூடிய படகு கடலில் கவிழுமா, நிற்குமா என்று பார்க்கும் சாய்வுச் சோதனை. சக்கரத்தில் ஏற்றிய அரை டன் இரும்பைத் தளத்தின் நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கும், பிறகு மறு பக்கத்துக்கும் தள்ளுவார்கள். படகு லேசாகச் சாயும். படிக்கட்டுக் குழியில் தொங்கும் தூக்குக்குண்டின் நூல் எத்தனை மில்லி விலகுகிறது என்று கீழே ஒருவன் உட்கார்ந்து பார்த்துச் சொல்வான். அவ்வளவுதான். ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. அளக்கும்போது படகில் இருக்கும் எவரும் அசையக் கூடாது. ஒரே ஓர் ஆள் நடுவிலிருந்து ஓரத்துக்கு நடந்தாலே நூல் மூன்று நான்கு மில்லி நகர்ந்துவிடும். கணக்கு போச்சு.

ஆகஸ்ட் மாதம். செவ்வாய்க்கிழமை. காலை 7:40. ஆறு கண்ணாடிபோல் கிடந்தது. ஒரு சொட்டுக் காற்று இல்லை.

ஈப்போவிலிருந்து வந்திருந்த கப்பல் பொறியாளர் பிரமிளா, ஏறுகிற ஒவ்வொருவரையும் கரையில் தராசில் நிறுத்தினாள். ரூபன் அறுபத்து நாலு கிலோ. அவளையும் சேர்த்து நாலே பேர். அவள், ரூபன், மண்டோர் ஷாஃபி, இரும்பு தள்ளும் உடையப்பன்.

"நாலு பேருக்கு மேல ஒரு ஈ ஏறக் கூடாது," என்றாள்.

"ஈ கூட அசையாம இருக்கும் மிஸ்," என்றார் ஷாஃபி. "இவன் இருப்பானா? தோட்டத்துக் குரங்குலா."

"அப்ப உங்க மச்சினனைக் கொண்டாந்து உக்கார வைங்க மண்டோர். அவனுக்கு மில்லி எது, சென்டி எதுன்னு தெரியுமா?" என்றான் ரூபன்.

உடையப்பன் சிரிப்பை அடக்க இருமினார். ஷாஃபியின் கண் சிவந்தது.

"சண்டையெல்லாம் கரையோட," என்றாள் பிரமிளா. "அசைஞ்சவங்க பேரை அறிக்கைல எழுதுவேன். முதலாளி படிப்பாரு. அந்த எஞ்சின் வேலையும் அதோட சரி. புரியுதா ரூபன்?"

"புரியுது மிஸ்."

8:20. எல்லோரும் சுண்ணாம்புக் கட்டியால் குறித்த இடங்களில் நின்றார்கள். ஷாஃபியும் உடையப்பனும் மேல்தளத்தில். பிரமிளா நடுக்கூடத்தில், கையில் தாளும் பென்சிலும். நாலு பேரிடமும் வாக்கிடாக்கி. ரூபன் மட்டும் அடித்தளத்தில். இரண்டு பக்கமும் படுக்கையறைகள். நடுவில் குறுகலான நடை. அதன் நட்டநடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே எண்ணெய் வாளிக்குள் முங்கிய குண்டு, அதற்கு மேல் நூல், நூலுக்குப் பின்னால் அளவுகோல்.

மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். வட்டச் சன்னல்கள் வழியே வந்த வெளிச்சம்தான். புதிய கம்பளம் அழுக்காகாமலிருக்க எங்கும் பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தது.

8:26. நூல் பூஜ்யத்தில் நின்றது.

8:41. உடையப்பன் இரும்பைத் தள்ளிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார். "நாப்பத்து மூணு," என்றான் ரூபன். பிரமிளா எழுதினாள். இரும்பு நடுவுக்குத் திரும்பியது. நூலும் திரும்பியது. பூஜ்யம்.

8:52. இரும்பை யாரும் தொடவில்லை.

நூல் இடப்பக்கம் நகர்ந்தது. ஒன்று... இரண்டு... மூன்று. அங்கேயே நின்றது.

"மிஸ்... மூணு மில்லி."

"என்ன மூணு? இன்னும் தொடவே இல்ல. யார் நடந்தது?"

"நான் நின்ன எடத்துலதான் நிக்கிறேன் மிஸ்," இது உடையப்பன்.

"கீழதான் மிஸ்! ரூபா, மூத்திரம் முட்டுதாடா?" இது ஷாஃபி.

ரூபன் குனிந்து பார்த்தான். அவன் செருப்பு சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே இருந்தது.

9:04. மறுபடியும். இந்த முறை இடப்பக்கம் மூன்றில் நின்ற நூல் மெதுவாகப் பூஜ்யத்தைக் கடந்து வலப்பக்கம் மூன்றுக்குப் போனது. அதே நேரத்தில் ரூபனின் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

சரக்... சரக்... சரக்...

பிளாஸ்டிக் தாளை மிதிக்கும் சத்தம். இடப்பக்க அறையிலிருந்து வலப்பக்க அறைக்கு.

திரும்பிப் பார்த்தான். நடை காலி. வலப்பக்கத்துக் கடைசி அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டில், சன்னல், வெளிச்சம். ஆள் இல்லை.

"மிஸ், கீழ வேற யாரோ இருக்காங்க."

வாக்கிடாக்கியில் ஷாஃபியின் சிரிப்பு. "பாத்தீங்களா? இப்பப் பேய்க் கதை. எந்திரிச்சு நடந்துட்டுப் பழிய யார் மேலயோ போடறான்."

படியில் செருப்புச் சத்தம். பிரமிளா இறங்கி வந்தாள். நாலு அறைகளையும் திறந்து பார்த்தாள். அலமாரிகளைப் பார்த்தாள். குளியலறைகளைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"பத்து மணிக்குத் தண்ணி திரும்பிடும் ரூபன், படகு ஆடும். எனக்கு இன்னொரு தடவைதான் நேரம் இருக்கு. இனி நூல் அசைஞ்சா உங்க பேரைத்தான் எழுதுவேன். வேற வழியில்ல."

"நான் அசையல மிஸ்."

"அப்ப அசையாமயே இருங்க."

அவள் மேலே போனாள்.

9:19. உடையப்பன் இரும்பின் மேல் கை வைத்தார். "தள்ளவா மிஸ்?"

"நூல் பூஜ்யத்துக்கு வரட்டும். ரூபன், எவ்வளவு?"

"வலப்பக்கம் மூணு."

நூல் நகர ஆரம்பித்தது. இரண்டரை.

சரக்.

இரண்டு.

சரக்... சரக்...

இந்த முறை கழுத்தை மட்டும் திருப்பி அவனால் பார்க்க முடிந்தது. திறந்த கதவின் வாசலில் பிளாஸ்டிக் தாள் அமுங்கியது. ஒரு பாதம் அளவுக்கு. அடுத்தது அதற்கு முன்னால். அடுத்தது இன்னும் முன்னால். அமுங்கிய இடம் எழவில்லை. அடுத்த அடி விழுந்த பிறகுதான் எழுந்தது.

ஒன்றரை.

எழுந்து ஓடலாம். மூன்று எட்டில் படிக்கட்டு. ஓடினால் உஸ்மானுக்கு வேலை.

ஒன்று.

"ரூபன், எவ்வளவு?"

"ஒ... ஒண்ணு."

அரை.

சரக்.

பூஜ்யம்.

பூஜ்யம் என்றால் நடுக்கோடு. நடுக்கோட்டில்தான் அவன் நாற்காலி.

"பூஜ்யம் மிஸ்."

"சரி. யாரும் அசையாதீங்க. உடையப்பண்ணே, தள்ளுங்க."

9:23. நாற்காலி முனகியது.

கிரீச்...

அவன் அசையவில்லை. நாற்காலியின் கால்கள் விரிந்தன. கம்பளத்துக்குள் இறங்கின.

தொடையில் பாரம்.

மடியில்.

யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

குளிர் இல்லை. வாடை இல்லை. மூச்சுக்கூட இல்லை. பாரம் மட்டும்... அது மெல்லப் பின்னால் சாய்ந்தது. அவன் நெஞ்சில். அழுத்தியது. இன்னும் அழுத்தியது. விலா எலும்பு வலித்தது. காற்று உள்ளே போக மறுத்தது.

"ஜாங்கான் கெராக்! அசையாதடா!" வாக்கிடாக்கியில் ஷாஃபி.

9:25.

"ரூபன்? அளவு சொல்லுங்க."

வாய் திறக்கவில்லை.

"ரூபன்!"

"நாப்பத்து... மூணு."

"சரியா இருக்கு. இப்ப மறு பக்கம்."

9:28.

"நாப்பத்து மூணு..."

9:31.

"முடிஞ்சது. எல்லாரும் அசையலாம்."

அப்போதும் அவனால் எழ முடியவில்லை.

மடி லேசானது 9:33க்கு. திடீரென்று. சத்தமே இல்லாமல்.

9:58. ரூபன்தான் முதலில் படகைவிட்டு இறங்கினான். பலகையைத் தாண்டிக் கரையில் கால் வைத்ததும் குப்புறப் படுத்துக்கொண்டு வாந்தி எடுத்தான். மேலே நின்று ஷாஃபி கைதட்டினார். "கடலுக்குப் போற எஞ்சின்காரரு! கட்டிக் கெடக்கிற படகுலயே தலை சுத்துது."

ரூபன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும்.

இரண்டு வாரத்தில் முதலாளியின் கடிதம் வந்தது. வேலை ரூபனுக்குத்தான். அறிக்கையில் அவன் பெயருக்கு எதிரே பிரமிளா எழுதியிருந்தாள்: 'அசையாதவர்.'

அன்று பிற்பகலே அவள் பட்டறை அலுவலகத்துக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். மேசையில் மூன்று கோப்புகளை வைத்தாள்.

"அன்னிக்கு நீங்க அசையல. எனக்குத் தெரியும். உங்க அறுபத்து நாலு கிலோ அசைஞ்சிருந்தா நாலு மில்லி காட்டணும். மூணுதான் காட்டுச்சு. கணக்குப் போட்டேன். நாப்பத்தாறு கிலோ. அந்தப் படகுல நாப்பத்தாறு கிலோவில ஆளே இல்ல."

ரூபன் கோப்புகளைப் பார்த்தான்.

"பழைய அறிக்கைங்களைத் தேடி எடுத்தேன். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை இந்தப் படகுலயே இதே சோதனை நடந்திருக்கு. வேற ஊரு, வேற ஆளுங்க. ரெண்டுலயும் கடைசிப் பக்கத்துல ஒரே மாதிரி குறிப்பு. நூல் காரணமில்லாம நகர்ந்துச்சுன்னு."

விரலை வைத்துக் காட்டினாள்.

2009. எட்டு கிலோ.

2016. இருபத்து மூன்று கிலோ.

2024. நாற்பத்தாறு.

"எங்கக்கா மகன் ஒரு வயசுல எட்டு கிலோ இருந்தான்," என்றாள் பிரமிளா. அவள் குரல் இறங்கியிருந்தது. "எட்டு வயசுல இருபத்து மூணு. இப்பப் பதினாறு அவனுக்கு."

வெளியே யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டங்... டங்... டங்...

"மிஸ், அது..."

"வளருது, ரூபன்."

மறுநாள் காலை ரூபன் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். பதினொரு மாதம் கனவு கண்ட வேலை. ஷாஃபி அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். "பயந்தாங்கொள்ளிப் பய. நான் அப்பவே சொல்லல?" அடுத்த வாரம் புதுச் சட்டையில் உஸ்மான் படகேறினான். ஏறும்போது ரூபனைப் பார்த்துக் கண்ணடித்தான். ரூபனுக்குக் கோபம் வரவில்லை. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. படகு போய் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, பட்டறை வேலையையும் விட்டான். லகாட்டில் ஒரு லாரி பட்டறையில் சேர்ந்தான். கடலே தெரியாத ஊர்.

டிசம்பர் ஒன்பது. மாலை 5:35. வேலை முடிந்து மோட்டாரில் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி, மோட்டாரைவிட்டு இறங்கி எடுத்தான். பிரமிளா.

"லங்காவியில இருக்கேன். அந்தப் படகுல முதலாளி மறுபடி ஏதோ பூட்டியிருக்காரு. இன்னிக்கு மறுசோதனை. நாலு மணி நேரம் பாத்தேன் ரூபன். நூல் அசையவே இல்ல. கூடுதலா ஒரு கிலோகூட இல்ல. சுத்தமா இருக்கு. உஸ்மான் நல்லா இருக்கான்."

ரூபன் கண்ணை மூடிக்கொண்டான். நான்கு மாதத்தில் முதன்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. கூடவே கசப்பும். விட்ட வேலை!

"போயிடுச்சா மிஸ்?"

"போயிடுச்சு."

அவள் போனை வைக்கவில்லை.

"எப்பப் போச்சுன்னு பழைய தாளை எடுத்துப் பாத்தேன். அன்னிக்குச் சோதனை முடிஞ்சு ஒவ்வொருத்தரா இறங்கும்போதும் கீழ நின்னு நான்தான் நூலைப் பாத்து எழுதினேன். கைவேகத்துல எழுதினது. யோசிக்கல. உடையப்பன், ஷாஃபி, ரெண்டு பேரும் இறங்கினப்ப அவங்கவங்க எடைக்குச் சரியா வந்திருக்கு."

"என்னுது?"

"9:58. நீங்க பலகைல கால் வைக்கறீங்க. நாலு மில்லி வரணும்."

"எவ்வளவு மிஸ்?"

"ஏழு."

லாரி ஒன்று இரைந்துகொண்டு கடந்து போனது. ரூபன் போனைக் காதிலிருந்து எடுத்தான். மெல்லத் திரும்பினான்.

அவன் இறங்கி மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

மோட்டாரின் பின் ஸ்பிரிங் அமுங்கியே இருந்தது.