ஃப்ளாட்டுக்கு வலது முட்டி வீக்கு

வடைகறி இல்லாமல் எங்கள் வீட்டில் ஃபுட்பால் பேசியதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை கொரட்டூர் ஏரியோரப் பொட்டலில் மேட்ச் முடிந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் வேர்வை காயாமல் மேனாம்பேட்டு வீட்டுக்கு வந்து உட்காருவார்கள். அம்மா இட்லியைத் தட்டில் போட்டு வடைகறியை ஊற்றுவாள். முதல் இட்லி உள்ளே இறங்குவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும். அப்பா எங்கள் தெரு டீமின் கோல்கீப்பர். சித்தப்பா நடுவில் ஆடுகிறவர். அதாவது புது ஆள் ஒருவர் வரும்வரை ஆடிக்கொண்டிருந்தவர்.

அந்தப் புது ஆள் நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கொரட்டூரில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில் நண்பர்களோடு வாடகைக்கு இருந்தார். ஒரு ஞாயிறு பொட்டலில் நின்று வேடிக்கை பார்த்தவரை, ஆள் ஒன்று குறைகிறதே என்று உள்ளே இழுத்துவிட்டார்கள். அன்றைக்கே சித்தப்பாவின் இடம் போயிற்று. அவருக்கு என்ன பேர் என்று கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. ஃப்ளாட்டிலிருந்து வந்தவர், ஆகவே 'ஃப்ளாட்டு'.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. தரையில் டம்ளர்களைப் பரப்பித்தான் விவாதம். எவர்சில்வர் டம்ளர்கள் நம் ஆட்கள், கண்ணாடி டம்ளர்கள் எதிராளிகள், உப்பு டப்பா ஃப்ளாட்டு. பந்து வருவதற்கு முன்பே யார் எங்கே நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறான், அது ஒன்றே போதும் என்பார் அப்பா. பார்த்து என்ன பிரயோஜனம், பின்னால்தானே தள்ளுகிறான் என்பார் சித்தப்பா. இரண்டு காலாலும் அடிக்கிறானே என்றால், தலையால் ஒன்று முட்டிக் காட்டச் சொல் என்பார். தன்னைத் தள்ளிவிட்டவனுக்கே கை கொடுத்துத் தூக்கிவிடுகிறான், இவனெல்லாம் ஒரு ஆட்டக்காரனா என்று கேட்டு உப்பு டப்பாவைத் தள்ளிவிடுவார் சித்தப்பா. கடைசியில் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். நம்ம டீமுக்கு அவன் செட் ஆவானா, மாட்டானா?

இந்த விவாதத்துக்கு ஒரு சட்டம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் எந்த மேட்ச், எந்த ஆஃப், யார் பார்த்தது என்று சொல்லியாக வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இட்லியைத் தின்ன வேண்டியதுதான். நான் அப்போது நாலாம் வகுப்பு. வாரா வாரம் வாயைத் திறப்பேன். எந்த மேட்ச் சொல்லு என்பார் அப்பா. எனக்கு முழி பிதுங்கும், எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கென்று ஆதாரத்தோடு ஒரு பாயிண்ட், ஒரே ஒரு பாயிண்ட், கிடைத்துவிடாதா என்று நான் ஏங்கியது கொஞ்சநஞ்சமில்லை.

அந்த வருடம் அப்பாவின் தங்கைக்கும் ஃபுட்பால் பைத்தியம் பிடித்தது. என் அத்தை தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். ஆறு நாளும் நின்றுகொண்டே வேலை. ஞாயிறு ஒன்பது மணிவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவள், இப்போது ஏழு மணிக்கே தலைக்குக் குளித்துவிட்டு நிற்பாள். பாப்பா மேட்ச் பார்க்க வேண்டும் என்று அழுகிறாள், நான்தான் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது என்று அம்மாவிடம் அலுத்துக்கொள்வாள். நான் அழுததே இல்லை. ஆனால் வழியில் தேன்மிட்டாய் வாங்கித் தருகிறாளே, அழுததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கார்னர் எது, த்ரோ எது என்று அவளுக்குத் தெரியாது. கோல் விழுந்தால் நம்முதா அவங்களுதா என்று என்னைத்தான் கேட்பாள். அப்பாவின் கோல் போஸ்டுக்குப் பின்னால், கருவேல மர நிழலில் நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

பக்கத்து ஏரியா பாடி டீமோடு ஆடிய மேட்சில் இரண்டாவது ஆஃபில் ஃப்ளாட்டுக்கு முட்டியில் ஓர் உதை விழுந்தது. நொண்டிக்கொண்டே வெளியே வந்தவர், சுற்றிக்கொண்டு எங்கள் மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார். அத்தை கைப்பையைத் திறந்து எலாஸ்டிக் கட்டுத் துணியை எடுத்தாள். மேட்ச் பார்க்க வருகிறவள் பையில் அது எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. மண்ணில் முட்டி போட்டு, சுற்றுச் சுற்றாக, ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டிவிட்டாள். பத்தடி தள்ளி அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்வரிசையில் ஆடுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஃப்ளாட்டு எழுந்து காலை உதறிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார். "முட்டி பழைய கேசு பாப்பா. யார்ட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா?"

அவர் உள்ளே ஓடின பிறகும் அத்தை முட்டி போட்டபடியே இருந்தாள். நான் வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிராளிக்குத் தெரிந்தால் அந்த முட்டியிலேயே உதைப்பான், அதனால்தான் ரகசியம். சரி, வெளியாளிடம் சொல்லக் கூடாது. ஆனால் எந்த மேட்ச், எந்த ஆஃப், யார் பார்த்தது, மூன்றும் என் கையில் இருக்கின்றன. மூன்று வாரம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு சொல்லி மாளாது.

நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் டீம் கேப்டன் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டு அப்பாவிடம் ஏதோ தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, அவர் போன பிறகு நடந்த பேச்சுதான் கேட்டது. நமக்கு அவன் செட் ஆவானா என்று சித்தப்பா ஆரம்பித்தார். ஊர் வேறு, ஆட்கள் வேறு, நாளைக்கே கம்பெனி மாறிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. நிதானமான பையன், அவன் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதில்லை, கூடவே நின்று ஆடுகிறேனே எனக்குத் தெரியாதா என்றார். அம்மாவும் அப்பா பக்கம் பேசினாள். அம்மா எப்போது ஃபுட்பால் பேசியிருக்கிறாள்? புதன்கிழமை யார் வீட்டில் ஃபுட்பால் பேசுகிறார்கள்? தரையில் ஒரு டம்ளர்கூட இல்லை. எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. சித்தப்பா தோற்றுக்கொண்டிருக்கிறார், பேச்சு முடியப் போகிறது, என் பாயிண்ட் வீணாகப் போகிறது என்ற பதற்றம்தான்.

பென்சிலோடு வெளியே ஓடி வந்து சொன்னேன். "ஃப்ளாட்டு செட் ஆவ மாட்டாரு. அவருக்கு வலது முட்டி வீக்கு."

அப்பா சிரித்தார். வழக்கம்போலவே கேட்டார். "இன்னாமே, எந்த மேட்ச்சு?"

"பாடி மேட்ச்சு. செகண்ட் ஆஃப். நா பாத்தேன். அத்ததான் கட்டு கட்டிவுட்டுது. பையிலயே வச்சினு இருந்துது."

அடுப்படியில் அத்தை வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றுவிட்டது. அப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்துபோனது போல.

"எம் முதுகுக்குப் பின்னாலயா?"

"ஆமாம்பா," என்றேன் நான். "கோல் போஸ்டுக்குப் பின்னால."

யாரும் கத்தவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா என்னை உள்ளே போய் எழுதச் சொன்னாள். முதல் தடவையாக என் பேச்சுக்கு யாரும் சிரிக்கவில்லை. என் பாயிண்ட் எடுபட்டுவிட்டது என்று எனக்கு அவ்வளவு பெருமை!

அடுத்த ஞாயிறு ஃப்ளாட்டு வரவில்லை. அப்புறமும் வரவில்லை. அவருடைய இடத்தில் சித்தப்பாதான் ஆடினார், மனசே இல்லாமல் ஆடினார். வரிசையாகத் தோற்றோம். ஒரு நாள் இட்லி தின்கிறபோது, அவன் இருந்திருந்தால் அந்தப் பந்தை விட்டிருக்க மாட்டான் என்று சித்தப்பாவே சொன்னார். அப்பா கை கழுவ எழுந்துவிட்டார். மறு வருடம் அத்தையை மாங்காட்டில் கொடுத்தார்கள். நல்ல மனிதர், நல்ல வீடு, இரண்டு பிள்ளைகள். தீபாவளிக்கு வருவாள், எல்லோரிடமும் சிரித்துப் பேசுவாள். அந்தப் புதன்கிழமை கேப்டன் கொண்டுவந்த சம்பந்தத்துக்கு அப்பா முக்கால்வாசி சரி என்று சொல்லிவிட்டிருந்தார் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். தங்கை ஆசைப்பட்டதில் அவருக்குக் கோபமில்லையாம். மொத்தப் பொட்டலும் பார்த்திருக்கும், தான் ஒருவன்தான் பார்க்கவில்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லையாம். அத்தையிடம் போய் எதைச் சொல்வது? எனக்கு அப்போது ஒன்பது வயசு என்றா?

ஆனால் அவள் என்னைக் கேட்டாள், ஒரே ஒரு தடவை. அந்தப் புதனுக்கு மறுநாள் காலை. பள்ளிக்கூடத்துக்கு எப்போதும் அவள்தான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். அன்றும் உட்கார வைத்து வகிடெடுத்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. வெங்காயம் நறுக்கினதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவன் நல்லா ஆடுவான்னும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"யாரும் கேக்கலியே அத்த."

"நா கேக்குறேன். சொல்லு."

சொன்னேன். எங்கள் வீட்டுச் சட்டப்படி மேட்சும் ஆஃபும் சேர்த்துச் சொன்னேன். பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்ப்பதை, இடது காலால் தூரமாகத் தூக்கிப் போடுவதை, விழுந்தால் எழுந்து சிரிப்பதை. பின்னி முடித்து ரிப்பன் கட்டப் போனவள், எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள். வேற என்றாள். பாடி மேட்சில் தன்னை உதைத்தவனுக்கே கடைசியில் கை கொடுத்தாரே, அதைச் சொன்னேன். மறுபடியும் பிரித்தாள். வேற? மணி அடித்துவிடும் அத்தை என்று சிணுங்கினேன். இன்னும் ஒன்றே ஒன்று என்றாள்.

அன்று பிரேயர் முடிந்துதான் போனேன். டீச்சர் என்னை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். ஒரு தலையைக்கூட ஒழுங்காகப் பின்னத் தெரியவில்லை என்று, நின்ற நேரம் முழுக்க அத்தையைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.