கூப்பிடு தூரத்துக்கு ஒரு ஒயர்

ஒயர்தானே, எதைப் போட்டால் என்ன என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். மணிக்குப் போடும் ஒயர் வேறு, மைக்குக்குப் போடும் ஒயர் வேறு. மணி அடிக்கும், இல்லாவிட்டால் அடிக்காது. அதற்குச் சாதா ஒயர் போதும். மைக்கிலிருந்து வரும் கரண்டோ மிகச் சன்னமானது. சுற்றிலும் செம்புப் பின்னல் போட்ட மைக் ஒயரில் விட்டால்தான் குரல் குரலாகப் போய்ச் சேரும். சாதா ஒயரில் விட்டால் பக்கத்து மின்கம்பியின் உறுமலெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

தொண்ணூற்றெட்டில், மலைமேல், செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தேன். சொந்த ஊர் அடிவாரத்துச் சேந்தமங்கலம். நோம்பி திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டுவது, மிளகுக் குடோன்களுக்குத் திருடன் வந்தால் அடிக்கும் மணி மாட்டுவது, இதுதான் பிழைப்பு. மலைக்காரர்களைவிட நாலு விஷயம் கூடத் தெரியும் என்ற திமிரும் இருந்தது.

ஆலத்தூர் நாட்டுப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் மனைவிக்கு மூச்சு முட்டும் நோய். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் உடனே தூக்கி உட்காரவைத்து, ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பெண்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டில் இருவர்தான். அவர் பகலெல்லாம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்ட காட்டில். வீட்டில் கரண்டு கிடையாது. காட்டை ஒட்டியிருந்த அவருடைய தம்பி வீட்டில் உண்டு. அந்த அம்மாவின் கட்டிலருகே மைக்கை வைத்து, தம்பி வீட்டில் ஆம்ப்ளிஃபயரும் கூரைமேல் ஹாரன் ஸ்பீக்கரும் வைத்துவிட்டால், கூப்பிட்டால் காட்டில் கேட்கும். யோசனை அவருடையதுதான்.

"எவ்வளவு தூரமுங்கண்ணா?"

"கூப்பிடு தூரந்தானுங்க."

எங்கள் ஊரில் கூப்பிடு தூரம் என்றால் நாலு வயல் தள்ளி. ஒரு சுருள் மைக் ஒயரோடு போய் இறங்கினேன். தம்பி வீட்டு வாசலில் நின்று அவர் கைகாட்டிய இடத்தைப் பார்த்ததும் தலை சுற்றியது. நடுவே பெரிய பள்ளம். அதற்கு அப்பால், எதிர் மேட்டில், தீப்பெட்டி அளவுக்கு அவருடைய வீடு.

"இதுங்களாண்ணா கூப்பிடு தூரம்?"

"ஆமாங்க. அவ நல்லா இருந்தப்ப அங்கிருந்து ஒரு கொரல் குடுப்பா. காட்டுல எனக்குக் கேக்கும்."

குரல் பள்ளத்தைத் தாண்டி நேராக வந்துவிடும். ஒயர் இறங்கி ஏறியல்லவா வரவேண்டும்? என் சுருள் பள்ளத்தின் பாதியிலேயே தீர்ந்தது. மேற்கொண்டு வேண்டுமென்றால் நாமக்கல் போகவேண்டும். இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கே மாட்டிக் குடுத்துருங்க சாமி. நேத்தே நீலம் பாரிச்சுப் போச்சு அவளுக்கு." பையில் குடோன் மணிக்கு வாங்கிய சாதா ஒயர் கிடந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று அதை முறுக்கி ஒட்டி, மின்கம்பத்து ஓரமாகவே இழுத்து முடித்தேன்.

ஹாரன் காட்டெருமைபோல உறுமியது. உறுமலுக்குள் அந்த அம்மாவின் "ஏனுங்க" மங்கலாகக் கேட்டது. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. அடுத்த வாரச் சந்தைக்குள் நல்ல ஒயர் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நோம்பிக் காலம், வேலை குவிந்தது. இரண்டு சந்தை தாண்டியும் நான் போகவில்லை.

மூன்றாவது சந்தையன்று அவரே கடைக்கு வந்தார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "உறுமறது கூடுனா அவதான் கூப்பிடறாளோன்னு ஓடறனுங்க. பள்ளம் எறங்கி ஏறிப் போனா, சும்மா உக்காந்திருக்கறா. நாளைக்கு ஏழெட்டுத் தடவை. கெழங்கு மண்ணுலயே கெடக்குதுங்க. ஒரு நா ஓடாம இருந்துருவனோன்னு பயமா இருக்குதுங்க." எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றே பஸ் பிடித்து நாமக்கல் போனேன்.

மறுநாள் முழுக்க மைக் ஒயரே போட்டு, மின்கம்பியை விட்டு நன்றாகத் தள்ளி இழுத்தோம். உறுமல் அடியோடு நின்றது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. அவர் மட்டும் காட்டுக்கு நடுவே மம்மட்டியோடு அசையாமல் நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, மம்மட்டியைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கி ஓடினார். பின்னாலேயே ஓடினேன். அந்த அம்மா சுவரில் சாய்ந்து நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

"சத்தமே இல்லீங்களே. சும்மா இருக்கறாளா, என்னமோ ஆயிருச்சான்னு எப்படீங்க தெரியும்?" என்றார் அவர்.

எந்த ஒயரைப் போட்டாலும் இதற்கு வழி கிடையாது. பதில் சொன்னது அந்த அம்மாதான். "ஏனுங்க, நா இந்த மைக்க வெரலால தட்டிக்கிட்டே இருக்கறனுங்க. அது கேக்கற வரைக்கும் நீங்க பாட்டுக்கு வேலயப் பாருங்க."

அப்படியே நடந்தது. டொக். கொஞ்சம் விட்டு, டொக். மலைச்சரிவு முழுக்கக் கேட்கும். அவர் தெம்பாக வேலை செய்தார். பாதிக் கிழங்கைப் பிடுங்கியாயிற்று என்று சந்தையில் யாரோ சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். உச்சிவெயில். தம்பி வீட்டில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். டொக். அடுத்த டொக்குக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். கரண்டு போய்விட்டதா என்று பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே காட்டில் மம்மட்டி விழுந்த சத்தம் கேட்டது.

அவர் முன்னால் ஓடினார். நான் ஒயரைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். மரத்துக்கு மரம், ஒட்டுக்கு ஒட்டு. எங்காவது அறுந்திருக்க வேண்டும், எலியோ மாடோ கடித்திருக்க வேண்டும், நான் போட்டது மட்டமான ஒயராக இருந்திருக்க வேண்டும் என்று அந்தப் பள்ளம் முழுக்கச் சாமியைக் கெஞ்சிக்கொண்டே போனேன். மேட்டில் ஏறியபோது வீட்டுக்குள்ளிருந்து அவர் அலறியது எனக்கு இரண்டு முறை கேட்டது. ஒருமுறை எதிரே, ஒருமுறை பின்னாலிருந்த ஹாரனில், துல்லியமாக.